காப்புரிமை முடிஞ்ச இயற்கை புத்தகங்களைத் தமிழ்ல கொண்டு வாங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளைங்களை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுலயே சொல்லித்தர்றது பத்தி உங்க பத்திரிகையில வந்த கட்டுரையைப் படிச்சேன். பெத்தவங்க படுற பாட்டை நல்லா எழுதியிருந்தீங்க, முக்கியமா புத்தகச் செலவு, அதுலயும் கலர் படம் போட்ட இயற்கை புத்தகங்களை வாங்கி மாளாதுன்னு ஒரு அம்மா சொன்னது எங்க வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்துச்சு. ஆனா ஒரு முக்கியமான விஷயம் அந்தக் கட்டுரையில வரவே இல்ல. இயற்கையைப் பத்தி பிள்ளைங்களுக்காக எழுதின மிக நல்ல புத்தகங்கள்ல ஒரு பெரிய பங்கு இன்னைக்கு யார் வேணாலும் காசே கொடுக்காம எடுத்துப் படிக்கலாம்ங்கிற நிலைமையில இருக்கு, அதை பல பெத்தவங்களுக்கு யாரும் சொல்லல. தெரிஞ்சவங்களுக்கும் ஒரு பெரிய தடை இருக்கு, அந்தத் தடையை எடுக்க உங்க பத்திரிகையால முடியும்னு நான் நம்புறேன். அதனாலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

காப்புரிமைக் காலம் முடிஞ்சுபோன புத்தகங்களைத்தான் பப்ளிக் டொமைன்னு சொல்றாங்க. அதாவது அது எல்லாருக்கும் பொதுச்சொத்து. டவுன்லோட் பண்ணலாம், பிரிண்ட் எடுக்கலாம், சத்தமா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி பத்து வீட்டுக்கு அனுப்பலாம், படத்தை மட்டும் தனியா எடுத்து சுவத்துல ஒட்டலாம், பிள்ளைக்குப் புரியாத பத்தியைச் சுருக்கலாம், வேற மொழியில மாத்தி வெளியிடலாம். யாருகிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம். இலவசம்ங்கிறதைப் பத்தி மட்டும்தான் எல்லாரும் பேசுறோம், ஆனா இந்த லிஸ்ட்ல கடைசியா சொன்னேனே, வேற மொழியில மாத்தலாம்ங்கிறது, என் கணக்குல அதுதான் எல்லாத்தையும் விட பெருசு. அதுக்கு அப்புறமா வர்றேன்.

இதெல்லாம் எங்க கிடைக்கும்னு முதல்ல சொல்லிடுறேன். பிராஜெக்ட் குட்டன்பெர்க்னு ஒரு தளம், 1971ல மைக்கேல் ஹார்ட்ங்கிறவர் ஒரு பல்கலைக்கழக கம்ப்யூட்டர்ல அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை டைப் பண்ணி வச்சதுல ஆரம்பிச்சது, இன்னைக்கு அதுல 70,000க்கு மேல புத்தகம் இருக்கு. எழுத்து பெருசாக்கிப் படிக்கிற மாதிரி இருக்கும், போன்லயே போதும். இன்டர்நெட் ஆர்கைவ், 1996ல ஆரம்பிச்சது, அங்க பழைய புத்தகத்தை பக்கம் பக்கமா ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, அதனால படம் எல்லாம் அச்சுல இருந்த மாதிரியே வரும். பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரின்னு இன்னொண்ணு, உலகத்துல உள்ள பெரிய இயற்கை வரலாற்று நூலகங்கள் சேர்ந்து நடத்துறது, 6 கோடி பக்கம் அளவுக்கு அங்க இருக்கு, பூ, பூச்சி, பறவை, மீன்னு பழைய கைவரைபடங்களுக்கு அதை மிஞ்ச இடமே இல்ல. லிப்ரிவாக்ஸ் 2005ல ஆரம்பிச்சது, அங்க தன்னார்வலர்கள் இந்தப் புத்தகங்களை வாசிச்சு ஆடியோவா போடுறாங்க, அந்த ஆடியோவும் பொதுச்சொத்துதான். படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளை படம் வரைஞ்சுக்கிட்டே கேக்கும்.

சரி, புத்தகத்துக்கு வர்றேன். ஒரே ஒரு புத்தகம்தான் எடுக்க முடியும்னா நான் அன்னா பாட்ஸ்ஃபோர்டு கம்ஸ்டாக் 1911ல எழுதின ‘ஹேண்ட்புக் ஆஃப் நேச்சர் ஸ்டடி’யைத்தான் எடுப்பேன். 1890கள்ல அமெரிக்காவுல விவசாயம் நொடிச்சுப் போயி குடும்பம் குடும்பமா நிலத்தை விட்டு நகரத்துக்குப் போயிட்டு இருந்தப்ப, பிள்ளைங்களுக்கு மண்ணு மேல, செடி மேல, பூச்சி மேல ஒரு பிடிப்பு வரணும்னு கார்னெல் பல்கலைக்கழகத்துல ஒரு வேலையை ஆரம்பிச்சாங்க. அதுல ஊர் ஊரா டீச்சர்களுக்கு அனுப்பின பாடங்கள்ல இருந்து வளர்ந்ததுதான் இந்தப் புத்தகம். பறவை, மீன், தவளை, பூச்சி, சிலந்தி, மண்புழு, பூ, மரம், கல், மேகம், நட்சத்திரம்னு தொள்ளாயிரம் பக்கத்துக்கு போகும். 20 பதிப்புக்கு மேல வந்து பல மொழிகளுக்கும் போயிருக்கு.

கம்ஸ்டாக் அம்மா அதை எழுதினது பிள்ளைங்களுக்காகன்னு நினைச்சுடாதீங்க, ஒண்ணுமே தெரியாத டீச்சருக்காக எழுதினது. அதுதான் எங்களை மாதிரி வீட்டுல சொல்லிக்கொடுக்கிறவங்களுக்கு வரப்பிரசாதம். ஏன்னா ஹோம்ஸ்கூலிங் பண்ற பெத்தவங்க கிட்ட நான் கேக்கிற முதல் பயமே, எனக்கே ஒரு மரத்தோட பேர் தெரியாது, நான் எப்படி பிள்ளைக்கு இயற்கையைச் சொல்லித்தர்றதுங்கிறதுதான். கம்ஸ்டாக் அதுக்கு நேரா பதில் சொல்றாங்க, இயற்கையைப் படிக்கிறப்ப டீச்சர் எனக்குத் தெரியாதுன்னு கௌரவமாவே சொல்லலாம், சொல்லிட்டு பிள்ளையோட சேர்ந்து போய்ப் பாக்கணும், தெரிஞ்ச மாதிரி நடிக்கக் கூடாதுன்னு. ஒவ்வொரு பாடத்துலயும் முதல்ல டீச்சர் படிக்கிறதுக்கு ஒரு விளக்கம், அப்புறம் பிள்ளைகிட்ட கேக்க வரிசையா கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் புத்தகத்துல தேடிப் பிரயோஜனம் இல்ல, அந்த உயிரைப் பாத்தாதான் பதில் கிடைக்கும். எந்தப் பக்கம் முதல்ல நகருது, தொட்டா என்ன பண்ணுது, எதை வச்சுப் பிடிச்சுக்குது, வெளிச்சம் பட்டா போகுதா வருதா, இந்த மாதிரி. எறும்புப் பாடத்துல ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல மண்ணு வச்சு எறும்புக் கூடு அமைச்சு உள்ள நடக்கிறதை பாக்கிற முறை இருக்கு. ஜான் லபக்ங்கிறவர் பயன்படுத்தின முறை அது, அவரே 1882ல எறும்பு, தேனீ, குளவி பத்தி தனியா ஒரு புத்தகம் எழுதியிருக்கார், அதுவும் இலவசம்தான், நம்ம கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி எறும்புக்குத் தெரியுதுன்னு காட்டினது அவர்தான்.

அடுத்தது ஃபேபர், பிரெஞ்சுக்காரர், 1823ல பொறந்து 1915ல இறந்தவர். ஏழைக் குடும்பம், ஸ்கூல் வாத்தியார் வேலை, பெரும்பாலும் தானே படிச்சு வளர்ந்தவர். வயசான காலத்துல ஒரு கல்லும் முள்ளுமான நிலத்தை வாங்கி அங்கயே உக்காந்து பூச்சிகளைப் பாத்து எழுதினதுதான் 1879ல இருந்து 1907 வரைக்கும் வந்த பத்து தொகுதி. அவரோட சொந்தப் பிள்ளைங்க அந்த வேலையில கூடவே இருந்தாங்க, குழி தோண்டுறது, பூச்சி தேடுறது, ராத்திரி விளக்கு பிடிக்கிறதுன்னு, அதனால அதைப் படிக்கிறப்ப ஒரு வீட்டுப் பள்ளிக்கூடம் நடக்கிற மாதிரியே இருக்கும். பைன் மரத்துக் கம்பளிப்புழு பத்தி அவர் எழுதினதை என் பிள்ளைங்க எத்தனை தடவை கேட்டாலும் திரும்பக் கேப்பாங்க. அந்தப் புழுக்கள் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா போகும், முன்னாடி போறது விட்டுட்டுப் போற பட்டு நூலைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி உள்ளது நடக்கும். ஒரு பெரிய தொட்டியோட விளிம்புல அவை ஏறினப்ப, விளிம்பு நிறைஞ்சதும் மேல வந்துக்கிட்டு இருந்த மிச்சப் புழுக்களை இவர் எடுத்துட்டு, கீழ இருந்து வந்த நூலையும் துடைச்சுட்டார். வரிசைக்கு முன்னும் இல்ல பின்னும் இல்ல, வட்டமாயிடுச்சு. ஏழு நாள் அதே விளிம்புல சுத்துதுங்க, குளிர்ல நிக்கும், திரும்ப நடக்கும். எட்டாவது நாள்தான் இறங்குற வழி அமையுது. இதுல எங்கயும் அவர் பாத்தீங்களா இதுதான் நீதின்னு சொல்ல மாட்டார், என்ன நடந்துச்சு, எத்தனை மணிக்கு நடந்துச்சு, அடுத்து நான் என்ன செஞ்சு பாத்தேன், அவ்வளவுதான்.

சிலந்தி பத்தினது இன்னும் நல்லா இருக்கும். வலையை விட்டு தள்ளி ஒளிஞ்சு உக்காந்திருக்கிற சிலந்தி, நடுவுல இருந்து தன் இடம் வரைக்கும் ஒரு நூலை இழுத்து அதுல ஒரு காலை வச்சுக்கிட்டு இருக்கும். வலையில மாட்டினது அதுக்கு எப்படித் தெரியுது, கண்ணாலயா இல்ல அசைவாலயா? ஃபேபர் செத்துப்போன வெட்டுக்கிளியை அசையாம வலையில வச்சுப் பாத்தார், சிலந்தி வரல. ஒரு துரும்பால லேசா ஆட்டினார், ஓடி வந்துச்சு. அப்புறம் சிவப்புக் கம்பளி நூலை வெட்டுக்கிளி அளவுக்கு உருட்டி வலையில வச்சு ஆட்டினார், அதுக்கும் ஓடி வந்துச்சு, அதையும் சுத்திக் கட்டுச்சு. இதைப் படிச்சுட்டு எந்தப் பிள்ளையும் சும்மா உக்காராது. துரும்பும் நூலும் எல்லா வீட்டுலயும் இருக்கு, சிலந்தியும் எல்லா வீட்டுலயும் இருக்கு. இந்தப் பரிசோதனைக்கு லேப் வேண்டாம், கிட் வேண்டாம், ஸ்க்ரீன் வேண்டாம்.

டார்வின் பேரைக் கேட்டாலே பெரிய பசங்களுக்கானதுன்னு ஒதுக்கிடுறோம், ஆனா அவர் கடைசியா 1881ல எழுதின மண்புழு புத்தகத்துல பத்து வயசுப் பிள்ளை செஞ்சு பாக்கக்கூடிய விஷயம் கொட்டிக் கிடக்கு. தொட்டியில மண்புழுவை வச்சுக்கிட்டு விசில் ஊதிப் பாத்தார், பஸூன்ங்கிற பெரிய குழல் வாத்தியத்தை வாசிச்சுப் பாத்தார், கத்திப் பாத்தார், பக்கத்துல பியானோ வாசிச்சுப் பாத்தார், எதுக்கும் புழு அசையல. அதே தொட்டியைத் தூக்கி பியானோ மேலயே வச்சு ஒரு கட்டையை அழுத்தினா டக்குனு வளைக்குள்ள போயிடுச்சு. காதுல கேக்கல, அதிர்வு தெரியுது. காகிதத்தை முக்கோணமா வெட்டிப் போட்டு, எந்த முனையைப் பிடிச்சு வளைக்குள்ள இழுக்குதுன்னு எண்ணிப் பாத்தார். ஒரு ஏக்கர் நிலத்துல வருஷத்துக்கு 10 டன்னுக்கு மேல மண்ணு மண்புழு வயித்து வழியா போய் வருதுன்னு கணக்குப் போட்டார். இந்த விஷயத்தைப் பத்தி முதல்ல 1837ல ஒரு கட்டுரை வாசிச்சவர், புத்தகமா போட நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்தப் பொறுமையைப் பத்தி பிள்ளைங்ககிட்ட நான் நிறைய பேசுவேன்.

சின்னப் பிள்ளைங்களுக்குன்னா அரபெல்லா பக்லி இருக்காங்க. புவியியல் அறிஞர் சார்லஸ் லயெல் கிட்ட செக்ரட்டரியா இருந்தவங்க, 1879ல ‘ஃபேரிலேண்ட் ஆஃப் சயின்ஸ்’ எழுதினாங்க, அப்புறம் குளம், வயல், பறவை, பூச்சி, செடின்னு தனித்தனியா சின்னச் சின்னப் புத்தகம் போட்டாங்க. வாக்கியம் எல்லாம் சின்னது, ஆறு ஏழு வயசுக்கு வாசிச்சுக் காட்டலாம். தார்ன்டன் பர்ஜெஸ் 1919ல எழுதின பறவைப் புத்தகத்தை ஹோம்ஸ்கூல் பண்றவங்க நிறைய பேர் சொல்லுவாங்க, முயல் ஒண்ணு போய் ஒவ்வொரு பறவைகிட்டயும் பேசி விசாரிக்கிற மாதிரி கதையா போகும், பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். ஆனா அதுல வர்ற பறவை எல்லாம் வட அமெரிக்கப் பறவைங்க, அங்க இல்லாத பிள்ளைக்கு அதை வெளிய போய்ப் பாக்க முடியாது, அதனால நான் அதை இரண்டாவது வரிசையிலதான் வைப்பேன். எறும்பு, சிலந்தி, மண்புழு, ஈ, விதை, மேகம், நிலா, இதெல்லாம் எங்க இருந்தாலும் உண்டு. முதல்ல அந்தப் பாடங்கள்.

எங்களை மாதிரி பெத்தவங்க பல பேர் சார்லட் மேசன் சொன்ன வழியைப் பின்பற்றுறோம், 1842ல பொறந்து 1923ல இறந்த ஆங்கிலேய ஆசிரியை, சின்ன வயசுல பிள்ளைங்க நாள்ல பல மணி நேரம் வெளியதான் இருக்கணும், பாத்ததை ஒரு நோட்டுல தானே வரைஞ்சு எழுதணும், அந்த நோட்டுல பெரியவங்க திருத்தம் போடக் கூடாதுன்னு சொன்னவங்க. அவங்க எழுதினதும் பொதுச்சொத்துதான். அந்த நோட்டுக்குப் பக்கத்துல வைக்க வேண்டிய புத்தகங்கள்தான் நான் மேல சொன்னதெல்லாம்.

இந்தப் புத்தகங்கள்ல குறையே இல்லன்னு நான் சொல்ல வரல. அப்படி நினைச்சுக்கிட்டு கண்ணை மூடி பிள்ளை கையில கொடுத்துடக் கூடாது, நீங்க கட்டுரை போட்டா இதையும் சேர்த்துப் போடணும். நூறு வருஷப் பழைய அறிவியல் பல இடத்துல மாறிடுச்சு. பக்லி 1890ல எழுதின ஒரு புத்தகத்துல நிலாவுல உள்ள பள்ளம் எல்லாம் எரிமலை வாய்னு வரும், இன்னைக்கு விண்கல் மோதினதால வந்த பள்ளம்னு நமக்குத் தெரியும். புளூட்டோ 1930லதான் கண்டுபிடிச்சாங்க, அதனால அதுக்கு முந்தின வானியல் புத்தகத்துல அது இருக்காது. கண்டங்கள் நகருதுன்னு ஜெர்மன் விஞ்ஞானி வெகெனர் 1912லயே சொன்னாலும் 1960கள்ல தான் அதை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க. ஃபேபர் பரிணாமத்தை ஏத்துக்கவே இல்ல. பறவையைச் சுட்டு பக்கத்துல இருந்து பாக்கிறது, முட்டையை எடுத்துச் சேகரிக்கிறது எல்லாம் அந்தக் காலத்துல சாதாரணமா எழுதியிருப்பாங்க. பருந்தும் ஆந்தையும் கெட்ட பறவை, கொல்லணும்னு எழுதினவங்க உண்டு. சில புத்தகத்துல மத்த இன மக்களைப் பத்தி வர்ற பேச்சு பிள்ளைகிட்ட வாசிக்கவே முடியாது, அதை முன்னாடியே பெரியவங்க படிச்சு எடுத்துடணும்.

மிருகத்தை மனுஷன் மாதிரி யோசிக்க வைக்கிற கதைகளும் இருக்கு. அது பிள்ளைங்களுக்குப் பிடிக்கும், ஆனா எது பாத்தது எது கற்பனைன்னு தெரியாம போயிடும். எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் 1898ல எழுதின மிருகக் கதைங்க பெருசா ஓடுச்சு, 1903ல ஜான் பரோஸ்ங்கிற இயற்கை எழுத்தாளர் இதெல்லாம் உண்மையில்லன்னு எழுதி பெரிய சண்டையே நடந்துச்சு, 1907ல அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரைக்கும் அதுல பேசினார். வளர்ந்த பிள்ளைன்னா ரெண்டு பக்கத்தையும் படிக்க வச்சு நீ என்ன நினைக்கிறேன்னு கேக்கலாம், ரெண்டுமே இலவசமா கிடைக்குது.

பழசா இருக்கிறதே பாடமாகிற இடமும் உண்டு. ஆடுபான்ங்கிற அமெரிக்கப் பறவை ஓவியர் 1827ல இருந்து 1838 வரைக்கும் போட்ட பறவைப் படங்கள் 435, எல்லாத்தையும் பெரிய சைஸ்ல இலவசமா எடுக்கலாம். அதுல பாசஞ்சர் பிஜன்ங்கிற புறா இருக்கு. 1813ல அந்தப் புறாக்கூட்டம் பறந்து போறப்ப வானமே இருட்டிடுச்சு, நாள் கணக்கா போயிட்டே இருந்துச்சுன்னு ஆடுபான் எழுதியிருக்கார். 1914 செப்டம்பர் 1ம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில அந்த இனத்தோட கடைசிப் புறா செத்துப்போச்சு. படம், அவர் எழுதினது, அந்தத் தேதி, மூணையும் பக்கத்துல வச்சுக் காட்டினா பிள்ளை கேக்கிற கேள்விக்கு ஒரு வாரம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதே ஆடுபான் அடிமைகளை வச்சிருந்தவர்ங்கிறதையும் வயசு வந்த பிள்ளைகிட்ட மறைக்காம சொல்லணும்.

இப்ப அந்தத் தடைக்கு வர்றேன். நான் மேல சொன்ன புத்தகம் எல்லாம் பிள்ளை கைக்கு வர்றது இங்கிலீஷ்ல, அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின நீளமான இங்கிலீஷ். இங்கிலீஷ்ல சரளமா படிக்கிற வீட்டுக்கு இந்தப் பொக்கிஷம் திறந்து கிடக்கு. தமிழ்லயே பிள்ளைக்குச் சொல்லித்தரணும்னு நினைக்கிற வீட்டுக்கு, இல்ல இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி வர்ற அம்மா அப்பாவுக்கு, அது பூட்டித்தான் இருக்கு. இலவசம்னு சொல்லி என்ன பிரயோஜனம்? நான் ராத்திரி உக்காந்து அடுத்த நாள் பாடத்தை தமிழ்ல எழுதி வச்சுக்கிட்டு வாசிக்கிறேன், எனக்குத் தெரிஞ்ச இன்னும் சில அம்மாக்கள் இதே மாதிரி செய்றாங்க, ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது, ஒரே அத்தியாயத்தை பல வீட்டுல பல பேர் திரும்பத் திரும்ப மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கோம். செஞ்சதெல்லாம் நோட்டுலயும் போன்லயும் கிடக்கு. பழந்தமிழ் நூல்களை 1998ல இருந்து தன்னார்வலர்களே டைப் பண்ணி மதுரைத் திட்டம்னு இணையத்துல ஏத்தியிருக்காங்களே, அந்த உழைப்புல கொஞ்சம் பிள்ளைங்களுக்கான இயற்கை எழுத்து பக்கமும் திரும்பினா போதும், சில வருஷத்துல ஒரு நல்ல அலமாரி நிறைஞ்சிடும்.

பத்திரிகைக்கு ஏன் எழுதுறேன்னா, உங்களுக்கு வாராவாரம் சிறுவர் பகுதி வருது, மொழி தெரிஞ்ச ஆட்கள் இருக்காங்க, பிழை திருத்துறவங்க இருக்காங்க, எல்லாத்துக்கும் மேல எங்க யாருக்கும் இல்லாத அளவு வாசகர்கள் இருக்காங்க. அந்தப் பகுதியில வாரம் ஒரு அத்தியாயம், முழுசா கூட வேண்டாம், ஒரு பக்கத்துக்கு வர்ற மாதிரி சுருக்கி, பேச்சு வழக்குக்குப் பக்கத்துல இருக்கிற எளிய தமிழ்ல போடுங்க. மூல ஆசிரியர் பேரும் வருஷமும் போடுங்க. பழைய அறிவியல் மாறியிருந்தா கீழ ஒரு வரியில இன்னைக்கு இப்படித் தெரியும்னு போடுங்க. படத்துக்கு பயோடைவர்சிட்டி லைப்ரரியில இருந்து கைவரைபடம் எடுத்துக்கலாம், அந்தப் படத்துக்குப் பக்கத்துல உரிமை பத்தி என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துக்கணும். கடைசியில கம்ஸ்டாக் பாணியில நாலு கேள்வி, பிள்ளை வெளிய போய்ப் பாத்து வந்து பதில் எழுதுற மாதிரி. அந்தப் பதில்கள்ல நல்லதை அடுத்தடுத்த வாரம் போட்டீங்கன்னா பிள்ளைங்க விடவே மாட்டாங்க.

இன்னொரு வேண்டுகோள், இது ரொம்ப முக்கியம். ஒரு மொழிபெயர்ப்பு செஞ்சா அந்த மொழிபெயர்ப்புக்குன்னு புதுசா ஒரு காப்புரிமை வந்துடும். மூலம் பொதுச்சொத்தா இருந்தாலும் உங்க தமிழ் வடிவம் உங்க சொத்தாயிடும், திரும்ப ஒரு பூட்டு விழுந்த மாதிரி. அதனால கிரியேட்டிவ் காமன்ஸ் மாதிரி திறந்த உரிமத்துல போட்டு, யார் வேணாலும் பிரிண்ட் எடுக்கலாம், வாசிச்சு ரெக்கார்ட் பண்ணலாம், புத்தகமா தொகுக்கலாம்னு ஒரு வரி சேர்த்துடுங்க. மொழிபெயர்த்தவங்க பேரை மட்டும் விடாம போடணும், அது அவங்க உழைப்புக்கு நாம காட்டுற மரியாதை.

எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாதுங்கிறதுல உங்க ஆட்கள் கவனமா இருக்கணும்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா இந்தப் பெத்தவங்க கூட்டத்துல நிறைய குழப்பம் இருக்கிறதால எழுதுறேன். அமெரிக்காவுல 1930க்கு முன்னாடி பிரசுரமான புத்தகம் எல்லாம் பொதுச்சொத்தாயிடுச்சு, நான் சொன்ன தளங்கள் நிறைய அந்தக் கணக்குலதான் போடுறாங்க. மத்த நாட்டுல பொதுவா ஆசிரியர் இறந்த வருஷத்துல இருந்து எண்ணுவாங்க. இந்தியாவுல 60 வருஷம், இலங்கையிலயும் சிங்கப்பூர்லயும் 70, மலேசியாவுல 50, கனடாவுல 2022 கடைசி வரைக்கும் 50 ஆ இருந்தது இப்ப 70. அதனால ஒரே புத்தகம் ஒரு நாட்டுல இலவசமாவும் இன்னொரு நாட்டுல காப்புரிமைக்குள்ளயும் இருக்கும். பர்ஜெஸையே எடுத்துக்கங்க, 1965ல இறந்தார், பறவைப் புத்தகம் 1919ல வந்ததால அமெரிக்காவுல எப்பவோ பொதுச்சொத்து, 60 வருஷக் கணக்குல 2025 முடிவு வரைக்கும்தான் காப்புரிமை, 70 வருஷ நாட்டுல 2035 முடியுற வரைக்கும் பொதுவா காத்திருக்கணும். கம்ஸ்டாக் 1930ல இறந்தாங்க, ஃபேபர் 1915, டார்வின் 1882, பக்லி 1929, இந்த நாலு பேர் விஷயத்துல இந்த எந்த நாட்டுலயும் பிரச்சினை இல்ல. ஃபேபரை இங்கிலீஷ் வழியா தமிழுக்குக் கொண்டு வந்தா அந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாளரையும் பாக்கணும், நிறைய தொகுதி செஞ்ச டெக்ஸெய்ரா டி மாட்டோஸ் 1921ல இறந்துட்டார், அதனால அவர் செஞ்சதை எடுக்கலாம். கம்ஸ்டாக் புத்தகத்துல 1911ல வந்த மூலப் பதிப்பைத்தான் எடுக்கணும், அவங்க காலத்துக்கு அப்புறம் மத்தவங்க திருத்தி 1939ல வந்த பதிப்பு வேற, அதுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்னு எடுத்துக்கக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இதே பழைய புத்தகங்களை அட்டை மட்டும் புதுசா போட்டு விக்கிறவங்க இருக்காங்க, அது சட்டப்படி தப்பில்ல, ஆனா சிலதுல படமே இருக்காது, ஸ்கேன் பண்ண எழுத்தைத் திருத்தாம அப்படியே அச்சடிச்சு வார்த்தை எல்லாம் உடைஞ்சு கிடக்கும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி இலவசப் பதிப்பைத் திறந்து ஒரு அத்தியாயம் படிச்சுப் பாருங்க, பிள்ளைக்குப் பிடிச்சிருந்தா அந்தப் பக்கங்களை மட்டும் பிரிண்ட் போட்டுக்கங்க. தொள்ளாயிரம் பக்கத்தையும் வரிசையா படிக்கணும்னு ஆரம்பிச்சா பாதியில நின்னுடும். இன்னைக்கு ஜன்னல்ல சிலந்தி வந்துச்சுன்னா சிலந்திப் பாடம், மழை பெஞ்சு மண்புழு வெளிய வந்துச்சுன்னா மண்புழுப் பாடம், அப்படித்தான் அந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தணும். போன்ல படிச்சுக் காட்டுறதை விட பெத்தவங்க முன்னாடியே படிச்சுட்டு போனை வச்சுட்டு பிள்ளையோட வெளிய போறது நல்லதுங்கிறது என் எண்ணம்.

பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைங்களுக்கும் இதெல்லாம் பொருந்தும், ஹோம்ஸ்கூல் பண்றவங்களுக்கு மட்டும்னு நினைக்க வேண்டாம். டீச்சர்கள் பல பேர் உங்க பத்திரிகையைப் படிக்கிறாங்க, வாரம் ஒரு பக்கம் தமிழ்ல கிடைச்சா வகுப்புல வாசிச்சுட்டு பிள்ளைங்களை மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க.

ஆரம்பிக்கிறதுக்கு என்ன போடலாம்னு நீங்க கேட்டா, ஃபேபரோட சிலந்தியும் அந்தச் சிவப்புக் கம்பளி நூலும் முதல் வாரம், டார்வினோட மண்புழுவும் பியானோவும் இரண்டாவது வாரம், கம்ஸ்டாக்கோட எறும்புக் கூடு மூணாவது வாரம். இந்த மூணுக்கும் என்கிட்ட தமிழ்ல கைப்பிரதி தயாரா இருக்கு, மத்த அம்மாக்கள் எழுதினதையும் கேட்டு வாங்கித் தர்றேன். எங்களுக்கு இதுக்குப் பணம் வேண்டாம். உங்க ஆட்கள் திருத்தி, அறிவியல் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டி சரிபாத்துப் போட்டா போதும். ஒத்துக்கறீங்கன்னா வாசகர் கடிதம் பகுதியில எங்க அனுப்பணும்னு ஒரு வரி போடுங்க, உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிள்ளைங்களுக்கு வீட்டுலயே சொல்லித்தர்ற ஒரு அம்மா